தீயில்லாமல் உருட்டிய எள்ளுருண்டை

அன்று காலை அடுக்களையில் இருந்தவர்கள் நான்கு பேர்: சிவானந்தம், மனைவி பிச்சம்மாள், மகள் தாரா, அடுத்த மாதம் மருமகளாக வரவிருக்கும் அமிர்தா. அமிர்தாவுக்கு முந்திரியோ நிலக்கடலையோ பட்டால் தொண்டை வீங்கிவிடும். முந்திரி போடாத பலகாரத்தை வந்தவளுக்குக் கொடுப்பது தம் வீட்டுக்குக் குறைச்சல் என்று சிவானந்தம் நினைத்தார். ஆனாலும் தீயும் பாகும் இல்லாமல் உருண்டை எப்படி நிற்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அமிர்தா பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, அவலும் எள்ளும் சேர்த்துப் பிசைந்தாள்.

"பாகு இல்லாம உதிர்ந்து போவுமே மக்கா?"

"பழமே ஒட்டிப் பிடிச்சுக்கிடும் மாமா. நீங்களே உருட்டிப் பாருங்க."

உருட்டினார், நின்றது. ஆர்வம் தாங்காமல் பதினொன்று உருட்டி வாழையிலையில் வரிசையாக வைத்தார்.

"ஐயோ, செத்தவங்களுக்குப் பிண்டம் வச்சுப் பலி போட்டது மாதிரியாக்கும் இருக்கு! தட்டுல மாத்துங்க" என்று பிச்சம்மாள் பதறினாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு சரோஜம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பு சிவானந்தம் வீட்டில் யாருக்கோ பலி போட்டார்கள் என்று பாறசாலை ஊரெல்லாம் பேசுகிறார்கள். அன்று அந்த வீட்டில் யாருக்கும் திதி இல்லை. அது அமிர்தாவுக்காக உருட்டிய பலகாரம். சிவானந்தமே மூன்று தின்றார்.