பிந்திப் பொரித்த குஞ்சு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உட்கார ஒரு இடம் வேண்டியிருந்தது. தங்கையின் வீட்டில் யாரும் வந்து எழுப்பாத ஒரே இடம், பின்பக்கக் கோழிக்கூட்டின் முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி. அதன்மேல் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். உள்ளுணர்வு, தரிசனம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. இடுப்பு வலி உண்டு.

தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒத்தாசைக்கு வந்தேன். வருகிற அவசரத்தில், ஒரு பத்திரிகைக்குக் கதை தருவதாகவும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

முதல் தொடக்கம்: ‘கூட்டின் இருளுக்குள், ஓட்டை உடைத்துக்கொண்டு ஓர் உயிர்—’

இல்லை. குஞ்சு பொரித்தபோது நான் அங்கே இல்லை. துணி அலசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘தாய்மை என்பது—’

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

கோழியிலிருந்து தொடங்குகிறேன். பெயர் கறுப்பி. முதல் தடவையாக அடைகாத்தது. கூட்டைச் செய்தவர் தங்கையின் கணவர். வெல்டர் என்பதால் கம்பி கம்பியாக வெட்டிப் பற்றவைத்திருந்தார். புலியையே அடைக்கலாம். குஞ்சுகள் வந்ததும் மற்ற கோழிகள் நெருங்காமலிருக்க நடுவில் ஒரு பலகையை வைத்து மறித்தார்.

“அண்ணி, காலையிலயும் சாயங்காலமும் ஒரு பார்வை பாத்துக்கிட்டாப் போதும். மத்ததெல்லாம் அவளே பாத்துப்பா,” என்றார்.

“யாரு?” என்றேன்.

“கறுப்பிதான்.”

நான் தங்கையை நினைத்துத்தான் கேட்டேன் என்பது அவருக்கும் புரிந்தது. பட்டறைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

(வேலை என்னவென்று சொல்லாமல் போனால் கதை அந்தரத்தில் நிற்கும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர். குஞ்சுகள் விழுந்து முங்கிவிடாமல் அதில் கூழாங்கற்கள். இடித்த மக்காச்சோளம். நனைந்த வைக்கோலை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் பரப்ப வேண்டும். எச்சம் ஒட்டிப் பின்பக்கம் அடைத்துக்கொண்ட குஞ்சை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தால் அங்கேயும் துடைக்கிற வேலைதான்.)

3

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத பாத்திரம் என் தங்கை. என்னோடு வளர்ந்தவள்தான். ஆனாலும் ஒரு பத்தி எழுதினால் இரண்டு பத்தியை அடிக்க வேண்டியிருக்கிறது.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று அவள் குரல் சொன்னால் ஊரே நகரும். வீட்டிலும் அப்படித்தான், யாரையும் பேசவிட மாட்டாள். அந்தக் குரல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளையை மடியில் வைத்தால், நெரிசலில் யாரோ கொடுத்த பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

“பசிக்குது போல.”

“ம்.”

“கொஞ்சம் நெஞ்சோட அணைச்சுக்கோ. பழகிடும்.”

“வெச்சிட்டுப் போ, அக்கா.”

நானும் வைத்துவிட்டுப் போனேன். அழுகை கேட்டதும் வந்தேன். எடுத்தேன், மறுபடி வைத்தேன். நாலு பேர் சொல்வார்களே, பழகிடும், எல்லாருக்கும் இப்படித்தான் என்று. அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

[இங்கே தங்கை அழுவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். அவள் அழவேயில்லை. எடுத்துவிட்டேன்.]

4

எல்லாக் குஞ்சுகளும் வந்து, கறுப்பி அவற்றைக் கூட்டிக்கொண்டு கூட்டுக்குள் நடக்கத் தொடங்கிய பிறகு, மிச்சமிருந்த முட்டை ஒன்று விரிசல் விட்டது. ஈரத்தோடு ஒரு குஞ்சு, தலை நிற்காமல். எனக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையில் ஏந்திக் கறுப்பியின் முன்னால் விட்டேன்.

கறுப்பி உற்றுப் பார்த்தது. குஞ்சின் தலையில் ஒரே கொத்து.

எடுத்தேன். துடைத்தேன். பொழுது சாய்ந்து கறுப்பி அடைந்ததும் சத்தமில்லாமல் சிறகுக்கடியில் செருகினேன். விடிந்து பார்த்தால் அது மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. உச்சியில் ரத்தம் காய்ந்திருந்தது. நான் விடவில்லை. மறுபடி எடுத்துச் சிறகுக்குள் தள்ளினேன். மறுபடி கொத்தியது.

“அதை எடு, அக்கா.”

திரும்பினேன். பின்வாசல் நிலையைப் பிடித்தபடி தங்கை நின்றிருந்தாள். அறையைவிட்டு அவள் இவ்வளவு தூரம் வந்து பல நாளாகியிருந்தது.

“இன்னும் ஒரு தடவை வெச்சுப் பாக்கிறேன். அம்மாதானே, ஏத்துக்கும்.”

“ஏத்துக்காது. அதுக்கு முடியல. இருக்கறதைப் பாத்துக்கவே அதுக்கு மூச்சு முட்டுது. தெரியலையா உனக்கு?”

நான் குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமல் கூட்டைப் பார்த்தே பேசினாள்.

“பிள்ளையையும் நீ இப்படித்தான் கொண்டுவந்து கொண்டுவந்து வைக்கிற. நான் கொத்தல. அவ்வளவுதான்.”

நான் குஞ்சை உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டேன்; அவள் நிலையை விடாமல் மேலும் சொன்னாள்.

“கொத்திடுவேனோன்னு பயமா இருக்கு, அக்கா. அவன் கத்தறப்ப ஜன்னலைப் பாக்கிறேன். அவனைப் பாக்கிறேன். அப்புறம் கையை ரெண்டையும் தொடைக்கடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடறேன்.”

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு நல்ல வசனம் வேண்டும். வாளியில் உட்கார்ந்து எத்தனையோ எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு நான் நிஜமாகச் சொன்னது இதுதான்:

“சரி. இனிமே வைக்க மாட்டேன்.”

அவளை உட்காரவைத்தேன். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்துக் குஞ்சை விட்டு, மேலே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். உள்ளே போய்ப் பிள்ளைக்குப் புட்டிப்பால் கலந்து கொடுத்தேன். வெல்டருக்கு போன் செய்தேன். அவர் பட்டறை உடையோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

“என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார்.

“சொன்னா என்ன பண்ணியிருப்ப? பத்த வெச்சிருப்பியா?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரியெல்லாம் கன்னத்தில் இழுபட்டது. பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல், “கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்,” என்றார்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார், கொஞ்சமாகப் பேசினார். இதற்குப் பெயர் உண்டு, மருந்து உண்டு, நீ கெட்டவள் இல்லை என்றார். கொஞ்ச நாளைக்கு அவளைப் பிள்ளையோடு தனியே விட வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார். முதலில் அவள் தூங்கட்டும் என்றார்.

தூங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் முறைபோட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டோம். வெல்டர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரும்பு விலையேற்றத்தைப் பற்றி அதனிடம் புலம்பிக்கொண்டே நடப்பார். அது உடனே தூங்கிவிடும்.

6

முடிவுகள்.

(அ) கறுப்பி ஒரு நாள் தானாகவே சிறகை விரித்து அந்தக் குஞ்சைச் சேர்த்துக்கொள்கிறது. அதைப் பார்த்த தங்கை ஓடிப்போய்ப் பிள்ளையை வாரியெடுக்கிறாள். வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

(ஆ) குஞ்சு செத்துப்போகிறது. விமர்சகர்கள் எழுதுவார்கள்.

(இ) நடந்தது: இறகு முளைத்த பிறகு அதைக் கூட்டில் விட்டேன். கறுப்பி கொத்தவில்லை, சேர்க்கவுமில்லை. மற்றதுகளோடு தின்றுவிட்டு, சாயங்காலம் கூட்டைத் திறந்தால் அது பின்வாசலில் இருக்கும் பெட்டிக்கருகே வந்து நிற்கிறது. தூக்கிப் பெட்டிக்குள் விடுகிறோம். இதில் உவமை எதையும் தேட வேண்டாம்.*

* நான் தேடினேன். அலுப்புதான் மிச்சம்.

7

இதுவரை எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் வேண்டாமென்றால் கிழித்துப் போடுவதாக இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“கடைசியில என்னைச் சிரிக்க வெச்சிடாத,” என்றாள்.

“சரி.”

“அழவும் வைக்காத.”

“வேற என்னதான் பண்றது உன்னை?”

“நான் இன்னும் முடியலை, அக்கா. நீ மட்டும் எப்படி முடிப்ப?”

நேற்று அவள் பிள்ளையின் காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்கு முந்தின நாள் தொடவில்லை. இன்று என்னவென்று தெரியவில்லை. மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிறாள். வெல்டர் பட்டறையில். நான் மேஜையில். பிள்ளை பக்கத்திலிருக்கும் தொட்டிலில் நெளிகிறது.

சிணுங்கல்.

இப்போது அழுகை. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. புரண்டாளா, எழுந்தாளா தெரியவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி காத்திருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்தாலும் கிடைக்கும்.

பிள்ளைக்குப் பசிக்கிறது. நான் பேனாவை வைத்துவிட்டுப் பால் கலக்கப் போகிறேன். கதவை நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.