பச்சை எரிந்தால்தான் தண்ணீர்

ராஜினி கேமராவை இரண்டு கைகளாலும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கால்களை மட்டும் உதைத்துக் குளத்தின் விளிம்பை நோக்கி வந்தாள். கேமராவைப் பொதிந்திருந்த அலுமினியக் கூட்டின் முதுகில் சின்ன விளக்கு ஒன்று சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது பச்சையாக எரிய வேண்டிய விளக்கு.

"குகன், டவல். லென்ஸ் கீழ பார்த்தபடியே புடி. திருப்பாத."

குகன் மண்டியிட்டு, பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினான்.

தண்ணீரில் இறங்குமுன் கூட்டுக்குள் இருக்கும் காற்றைக் கைபம்பால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எங்கும் ஓட்டை இல்லையென்றால் பச்சை நிற்கும். சிவப்பு வந்தால் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். காற்று நுழைந்த வழியில் அடுத்ததாகத் தண்ணீர் நுழையும்.

அவர்களிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கேமராதான். இன்னொன்று மார்ச் மாதம் லுமுட் கடலில் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. இதுவும் போனால், பிரிக்பீல்ட்சில் இருவரும் கூட்டாக நடத்தும் ஸ்டூடியோவுக்கு ஷட்டரை இழுத்துவிட்டு, ராஜினி பழைய இன்சூரன்ஸ் ஆபீசுக்கே திரும்ப வேண்டியதுதான். அவளே நேற்று அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

ஆழமில்லாத பக்கத்தில் மணப்பெண் தாமரை சிவப்புப் புடவை மிதக்க நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை விமலன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பு தண்ணீருக்கடியில் படம் எடுக்க வேண்டும் என்பது தாமரையின் ஆசை. பூச்சோங்கிலிருந்து இந்த மேரு நீச்சல் குளம் வரைக்கும் வரும்போது விமலனுக்கும் அது ஆசையாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே ஆறு விநாடி தாக்குப்பிடித்தபிறகுதான் குறைந்துபோனது.

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு ஆன்டிமாரின் நீச்சல் வகுப்பு. அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்று குளத்துக்காரர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

குகன் கூட்டை வெளியே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்தான். ராஜினி தலைமுடியை இறுக்கக் கட்டி, கைகளை முழங்கைவரை துடைத்துக்கொண்டு வந்தாள். வால்வைத் திறந்ததும் காற்று 'உஸ்' என்று உள்ளே போனது. பின்கதவைத் திறந்தார்கள். முன்பக்கக் கண்ணாடிக் குவிவில் இரண்டு துளித் தண்ணீர். கேமராவின் உடம்பு காய்ந்தே இருந்தது. குகன் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். அது விமலனின் மூச்சைவிட நீளம்.

கதவின் ஓரம் முழுக்க ஓடும் கறுப்பு ரப்பர் வளையத்தில், அதாவது ஓ-ரிங்கில், குகன் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டே போனான். கீழ் மூலையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடுகில் பாதி இருக்கும். செக்கச் செவேல் என்று இருந்தது.

எட்டிப் பார்த்த தாமரைதான் முதலில் சொன்னாள். "குங்குமமா அண்ணே?"

நேற்று ஆயுத பூஜை. குகன் விடவில்லை. முக்காலிக்கு, விளக்குகளுக்கு, பிரிண்டருக்கு, வேனின் நான்கு டயருக்கு, தண்ணீர் கொதிக்க வைக்கும் ஜக்குக்குக்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். கூட்டின் பக்கம் வந்தபோது மட்டும் ராஜினி குறுக்கே நின்றுவிட்டாள். அதில் ஒரு தூள் பட்டாலும் உன் விரலை ஓ-ரிங் ஆக்கிவிடுவேன் என்று அவள் சொன்னதும், அவன் தட்டோடு பின்வாங்கியதும் உண்மை. தொடவில்லை என்று அவனால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் இன்று காலை கதவை மூடிப் பம்பு அடித்தது அவன் கை. நகத்துக்குள் நேற்றைய குங்குமம் இருந்திருக்குமோ?

"என் வேலைதான் தங்கச்சி," என்றான். "நேத்து கொஞ்சம் ஓவரா பக்தி வந்துருச்சு."

"சாமி பொட்டுதானே அண்ணே. நல்லதுதான் நடக்கும்."

"அது நமக்குத் தெரியும்லா. ரப்பருக்கு யார் சொல்றது? ஒரு தலைமுடி கிடந்தாலே அது வாயத் திறந்துரும்."

ராஜினி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் குகனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையால் வளையத்தை நெம்பி எடுத்தாள். ஊசியால் நெம்பினால் ரப்பர் கீறிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நூல் உதிராத துணியால் துடைத்து, விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். அது உட்காரும் பள்ளத்தைக் குகன் பஞ்சுக் குச்சியால் மூன்று தடவை துடைத்தான். மூன்றாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. பிறகு சிலிக்கான் கிரீஸ், அரிசி மணி அளவு. வளையம் லேசாக மினுமினுத்தால் போதும். அதிகம் பூசினால் அதுவே தூசியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.

கேமராவை உள்ளே வைக்கக் குகன் கை நீட்டினான். ராஜினி தலையை ஆட்டி மறுத்தாள். வெறும் கூட்டுக்குள் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து மூடி, பம்பு அடித்தாள். பச்சை. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பச்சை போகவில்லை. குளத்தின் ஆழமான மூலையில் கூட்டோடு இறங்கி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். திறந்தார்கள். காகிதம் மொறுமொறுவென்று இருந்தது.

மறுபடி துடைத்து, கேமராவை வைத்து, மூடி, பம்பு அடித்து, பச்சை நிலைத்து நிற்கும்போது மணி மூன்று முப்பத்தைந்து.

அதற்குள் தாமரை விமலனுக்குப் பயிற்சி கொடுத்து முடித்திருந்தாள். பயிற்சி என்றால், காதைப் பிடித்து உள்ளே இழுப்பது. பதினோரு விநாடி வரை வந்திருந்தார். அந்தப் பதினோராவது விநாடியில்தான் படம் கிடைத்தது. புடவை செம்பருத்தி மாதிரி விரிந்திருக்க, இருவர் நெற்றியும் ஒட்டியிருந்தது. விமலனின் மூக்கிலிருந்து ஒரே ஒரு குமிழி மட்டும் தப்பித்து ஓடிக்கொண்டிருந்தது.

நீச்சல் தொப்பி போட்ட முதல் ஆன்டி குளத்தில் கால் வைத்தபோது, ராஜினி படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சையிலேயே இருந்தது.

பெடரல் நெடுஞ்சாலையில் லோரிகளுக்குப் பின்னால் வேன் ஊர்ந்தது. வேனை ஓட்டிய குகன், கிள்ளான் தாண்டியதிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். இனி கூட்டை அவளே மூடட்டும், தான் விளக்கும் முக்காலியும் மட்டும் தூக்குகிறேன் என்றான். ஷா ஆலாம் வந்ததும், அடுத்த வருடம் பூஜையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டான்.

ராஜினி மடியில் இருந்த கூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குகன், போதும். நீ மூடினது சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் அது எப்படி வந்துச்சு?"

"காலையில நீ வேன் எடுக்கப் போனீல்ல. அப்ப நான் திறந்தேன்." அவள் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்துக்கும் வச்சு, இதுக்கு மட்டும் வைக்காம விட்டுட்டோமேன்னு விடிய விடியத் தூக்கமே வரல. கேமராவுக்கு அடியில யாருக்கும் தெரியாத மாதிரி ஒரே ஒரு பொட்டு வச்சேன். துடைச்ச கைன்னு நினைச்சுத்தான் கதவை மூடி, மறுபடி பம்பு அடிச்சேன்."