வாழைப்பழ வாசனைச் சோதனை

கேம்பல் பே தீவுத் துறைமுகத்தில் படகுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் ஒச்சப்பனுக்கு மூக்கில் வாசனை ஏறி நான்கு வருஷமாகிறது. கொரோனாவில் போனது, திரும்பவே இல்லை. வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ரெங்கம்மாவிடம்கூட.

அன்று கான்ட்ராக்டர் அழைத்ததன்பேரில் பாதுகாப்புப் பயிற்சியாளர் ஷோபனா போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்திருந்தாள். மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதித்தாள்.

"இது ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழத்துல தானாவே இருக்கு. மிட்டாய், ஐஸ்கிரீம்ல வாசனைக்குச் சேர்க்கிறதும் இதுதான். திறந்ததும் காத்துல பறந்துடும். மாஸ்க்குக்குள்ள வாசம் வந்தா எங்கேயோ இடைவெளி இருக்குன்னு அர்த்தம்."

முதலில் மாஸ்க் இல்லாமல் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் அந்த வாழைப்பழ வாசனை, மற்றதில் வெறும் தண்ணீர். முன்னால் நின்ற பெங்காலிக்காரர் முகர்ந்ததுமே "கேலா, கேலா!" என்று வாழைப்பழத்தை இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஒச்சப்பன் இரண்டையும் நீளமாக முகர்ந்துவிட்டு, குத்துமதிப்பாக இடது கைப் பாட்டிலைக் காட்டினார்.

அது தண்ணீர்.

ஷோபனா அவரைத் தனியே அழைத்துப் போனாள். "வாசனையே தெரியலையாண்ணே?"

"இல்ல மேடம். வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?"

"இதுக்கு எதுக்கு எடுக்கணும்? கசப்பு மருந்து வச்சும் சோதிக்கலாம். நாக்கு நல்லாத்தானே இருக்கு?"

தலையை மூடி ஒரு கூடு மாட்டி, அதற்குள் கசப்பு மருந்தைத் தெளித்தாள். மாஸ்க் இல்லாதபோது நாக்கு வேம்பாகக் கசந்தது. போட்ட பிறகு ஒன்றுமில்லை.

"தீக் ஹை, மாஸ்க் சரியா இருக்கு. ஆனா அதுல இருக்கிற ஃபில்டர் தீர்ந்துபோனா மத்தவங்களுக்குப் பெயின்ட் வாசம் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குக் காட்டாது. தேதி எழுதி வச்சு மாத்திடணும். கான்ட்ராக்டர்கிட்ட நானே சொல்றேன்."

சாயங்காலம் ஒச்சப்பன் ரெங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"நாலு வருஷமா கருவாட்டுக் குழம்பு மணக்குதான்னு கேட்டப்பல்லாம் தலைய ஆட்டினீங்களே! கேஸ் கசிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" கோபத்தோடு போய் சிலிண்டர் ட்யூபை ஒருமுறை தடவிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. "அப்ப என் சமையல்ல உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"உப்பு, புளி, காரம்."

"இன்னைக்கு உப்பு எப்படி?"

ஒச்சப்பன் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். "கொஞ்சம் ஜாஸ்தி."

இத்தனை வருஷத்தில் அவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. ரெங்கம்மா சிரித்துக்கொண்டே குழம்பில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினாள்.