நாற்பத்தைந்தும் பதினைந்தும்

தானியேலுக்குக் கணக்கு வரும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பிச் சுருளை ஆசிட்டில் முக்கித் துருவை எடுக்கிற கம்பெனியில், பதினாலு வருஷமாகத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். எந்த ட்ரம்மிலிருந்து எவ்வளவு ஊற்றினால் தொட்டி ஆசிட் சரியான பர்சன்டுக்கு வரும் என்பதை லேப்காரர்கள் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவான். அவர்கள் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆற அமரச் சோதித்துவிட்டு, கடைசியில் அவன் சொன்னதையே எழுதிக்கொண்டு போவார்கள். ஒரு மனுஷனைக் கெடுக்க இந்தப் பெருமை ஒன்று போதாதா?

அவன் மனைவி கிறிஸ்டினாவுக்கு அதே சிப்காட்டில், ஒரு கெமிக்கல் கம்பெனியின் பேக்கிங்கில் வேலை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மூட்டை தைக்க வேண்டும். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. "ஜூலைல லேப் அசிஸ்டென்ட் போஸ்ட் ஒண்ணு காலியாவுது, அதுக்குள்ள டிகிரிய முடிச்சிடு, உன்னியே எடுத்துக்கறேன்" என்று அந்தக் கம்பெனி லேப் மேடம் சொல்லியிருந்தாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. தபாலில் படித்த டிகிரியில் மற்ற எல்லாப் பேப்பரிலும் தேறி, அடிப்படை அல்ஜீப்ரா ஒன்றை மட்டும் பாக்கி வைத்திருந்தாள். மே மாதம் அதில் தேறினால் நாற்காலி, தேறாவிட்டால் மூட்டை. அதற்காகவே போனில் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள்.

அந்த வகுப்பில் பாடம் நடத்தும் டீச்சர் எடுத்த எடுப்பில் பயமுறுத்துகிற ஆள் இல்லை. வீட்டுத் தொட்டிக்கு இரண்டு குழாய், டீக்கடையில் பாலும் தண்ணீரும், ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் என்று நாம் தினம் பார்க்கிற சங்கதியில்தான் ஆரம்பிப்பாள். வாராவாரம் பத்துக் கேள்வி. நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். சரியாக இருந்தால் பச்சை டிக் விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்டினா அடுப்படியிலேயே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, இதக் கேளுங்களேன். பத்து பர்சன்ட் ஆசிட் ஒண்ணு, முப்பது பர்சன்ட் ஆசிட் ஒண்ணு. ரெண்டையும் கலந்து பதினஞ்சு பர்சன்ட்ல அறுவது லிட்டர் வேணுமாம். எதுல எவ்ளோ ஊத்தணும்?"

தானியேல் இன்னும் சர்ச்சுக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. "பத்துல நாப்பத்தஞ்சு, முப்பதுல பதினஞ்சு."

தொட்டாள். பச்சை டிக் விழுந்தது. அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்த்து அவன் ஒரு சாண் வளர்ந்தான்.

"எப்டிங்க வந்துச்சு?" என்று பேனாவை எடுத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியை அவனும் கேட்டிருக்கிறான். "எதுக்கு மேஸ்திரி இதுல மூணு ட்ரம்மு, அதுல ஒரு ட்ரம்மு?" என்றதற்கு, "சொன்னத ஊத்துடா, பேஜாரு பண்ணாத" என்றார் தணிகாசலம் மேஸ்திரி. அன்றிலிருந்து ஊற்றுகிறான். கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன், டிகிரி படிக்கிற பெண்டாட்டியிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டிக்கு வுழுந்துச்சா இல்லியா? வந்துச்சுன்னா போட்டுக்கினு போயிக்கினே இரு. குழம்பு அடிப்புடிக்குது பாரு."

அதுவே வழக்கமாகிப் போனது. ஞாயிறு வந்தால் அவள் கேள்வியைப் படிப்பாள், இவன் விடையைச் சொல்லுவான். ஒரு பம்ப் மூணு மணி நேரத்தில் ரொப்புகிற தொட்டியை இன்னொன்று ஆறு மணி நேரத்தில் ரொப்பினால், இரண்டும் சேர்ந்து எத்தனை மணி நேரம்? "ரெண்டு!" கம்பி கழுவுகிற தொட்டிக்கு தினம் இரண்டு ஹோஸ் போட்டு ரொப்புகிறவனிடம் போய்க் கேட்டால்? எப்படி என்று அவளும் மூன்று நாலு தரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். டிக் விழுந்துவிடுவதால் வீடியோவை முழுசாகப் பார்க்கவும் தோன்றவில்லை. நோட்டு அலமாரியில் பைபிளுக்குக் கீழே போயிற்று. தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று ஆப் கொடுத்த சர்டிபிகேட்டை தானியேல் கேன்டீன் பூராவும் காட்டினான்.

மே மாதம் திருவள்ளூரில் பரீட்சை. பைக்கில் கூட்டிக்கொண்டு போய், வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தான். கிறிஸ்டினா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள்.

"இன்னா கேட்டான்?"

"ஆசிட் கணக்கே கேட்டாங்க. அதே நாப்பத்தஞ்சு, பதினஞ்சு."

"அப்புறம் இன்னா? அடிச்சாச்சி!"

"எட்டு மார்க்கு கேள்வி. விடைக்கு ஒண்ணு, வழிக்கு ஏழு." அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள். "விடைய எழுதிட்டு மேல பாத்துக்கினே இருந்தேன். ஒரு வரியும் வரல. மத்ததுல நம்பரு வேற, விடையும் வரல."

ஆறு மார்க்கில் போயிற்று. ஜூலையில் லேப் நாற்காலிக்குப் பொன்னேரியிலிருந்து ரம்யா என்று ஒரு பெண் வந்தாள். கிறிஸ்டினா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பழையபடி பேக்கிங்குக்குப் போனாள், வந்தாள், சாயங்காலம் சுடுதண்ணீர் பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் தானியேலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வகுப்பை முதல் பாடத்திலிருந்து போட்டான். "தெரியாததுக்கு முதல்ல ஒரு பேர் வைங்க, எக்ஸ்னு வைங்க. அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் டீச்சர். முதல் வரியிலேயே எனக்கு இது தெரியாது என்று எழுதிவிடுகிற கணக்கு! அதற்கு வெட்கமே இல்லை. தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

மூன்று வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்த்தான். ஆசிட் பாடத்தை மட்டும் ஏழு தரம். நாலாவது வாரம் கேன்டீனில் ஒரு அட்டைத் துண்டில் எழுதிப் பார்த்தான். பத்து பர்சன்ட் ஆசிட் எக்ஸ் லிட்டர். முப்பது பர்சன்ட் ஆசிட், அறுபதில் எக்ஸ் போக மீதி. இரண்டிலும் இருக்கிற ஆசிட்டைக் கூட்டினால் அறுபதில் பதினைந்து பர்சன்ட், அதாவது ஒன்பது லிட்டர். ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தான். எக்ஸ் நாற்பத்தைந்து! பதினாலு வருஷம் ஊற்றியது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வந்தான். கிறிஸ்டினா பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து அட்டையை நீட்டி, வரி வரியாக விரல் வைத்துச் சொன்னான். அவள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"புரியுதா கிறிஸ்டி?"

"புரியுது. நல்லா புரியுது." அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "அன்னிக்கு இதத்தாங்க கேட்டேன்."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது கிறிஸ்டி." அந்த வார்த்தை ஒருவழியாக வந்தது.

அவள் தண்ணீரிலிருந்து காலை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"அதச் சொல்லியிருந்தா, நானே அந்தப் பாடத்தத் திரும்பப் போட்டுப் பாத்திருப்பேனே."