ஏரிக்கரையில் ஒரு மரம்

சீன மொழி படிக்கப் பொலிவியாவிலிருந்து சீனாவின் குன்மிங் நகருக்கு வந்த ஹிமேனா, முதல் வாரம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களே என்ற பயம்.

கல்லூரி ஏரிக்கரையில் விடிந்ததும் மாணவர்கள் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்து நின்று பாடத்தைக் கத்திப் படிப்பார்கள். யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. இது தோதாக இருக்கிறதே என்று அவளும் காலியாயிருந்த ஒரு மரத்தின் முன் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஆங்கிலப் புத்தகத்தோடு சீன மாணவி ஒருத்தி வந்து நின்றாள். “ஏம்மா, இது என் மரம். ரெண்டு வருஷமா இங்கதான் படிக்கிறேன்.”

அவள் பேசிய சீனம் அத்தனையும் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் ஹிமேனா சீனத்திலேயே திருப்பிக் கொடுத்தாள்: “மரத்துல உன் பேரா எழுதியிருக்கு? நாளைக்குச் சீக்கிரம் எந்திரிச்சு வா!”

வந்தவள் முறைத்துக்கொண்டே பக்கத்து மரத்துக்குப் போனாள். ஹிமேனாவின் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.