மேற்குச் சுவர்

அந்த மாதத்தில் தச்சன் இழைத்த பதினோராவது கதவு அது. தையல்காரம்மா வீட்டு வாசற்கதவு, மேல்விளிம்பு நிலையில் இடித்து மூடிக்கொள்ள மாட்டேன் என்றது.

"மழையே இல்ல, மரம் எப்படிண்ணே ஊதும்?" என்று கேட்டாள்.

அவன் ரசமட்டத்தை நிலையில் வைத்துப் பார்த்தான். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. மரம் ஊதவில்லை, நிலைதான் சாய்ந்திருந்தது. கைக்கு வேலை வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டு இழைத்துக் கொடுத்தான். ஆனால் மறுநாள் காலை, மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டான்.

"கதவு எதுலயும் கோளாறு இல்ல. தெருவே சாயுது."

அவள் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினாள். தெருக்கோடியிலிருந்த தண்ணீர் பாட்டில் கம்பெனியில் வடிகட்டி மாற்றுவது அவள் வேலை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இப்போது தினம் இரண்டு முறை. கழற்றினால் மாவு போல நைசாக, சாம்பல் நிறத்தில் ஒரு வாளி மணல் வரும். பின்பக்கம் அது ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தெருக்காரர்கள் அதைத்தான் சும்மா அள்ளிப்போய், சிமெண்டில் கலந்து வீட்டு விரிசல்களில் பூசிக்கொண்டிருந்தார்கள். அவளும் பூசியிருக்கிறாள். அன்று வாளியைத் தூக்கியவள், அதைக் கொட்டாமல் நேரே மோட்டார் பக்கம் போனாள்.

மோட்டாரைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மோட்டார் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாமா, இவ்வளவு மண்ணு எங்கேருந்து வருது?"

"கீழேருந்துதான். போன வாரம் இன்னும் ரெண்டு குழாய் இறக்கினோம்ல."

"கீழேன்னா, எங்க வீடுங்களுக்குக் கீழயா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "கொண்டுபோய்க் கொட்டும்மா. சூப்பர்வைசர் இந்தப் பக்கமே பாக்குறாரு."

பதினொரு மணிக்குக் கணவன் போன் செய்தான். "பாப்பாவ விட்ட எடத்துல கதவு மாட்டிக்கிச்சாம். நான் போய்க்கிட்டிருக்கேன்."

கம்பெனிப் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஒற்றை அறை அது. அவள் ஓடி வந்து சேர்ந்தபோது அவன் கடப்பாரையால் நெம்பிக் கதவைத் திறந்திருந்தான். ஆயா வியர்த்துப்போய் வாசலில் நின்றாள்.

"நல்லவேளை, எல்லாம் தூங்குதுங்க. பயப்படல."

மொத்தம் எட்டுக் குழந்தைகள். வழவழப்பான தரையில் பிளாஸ்டிக் பாய்கள் வெறுமனே கிடந்தன.

"ஏன்க்கா எல்லாரையும் ஒரே மூலையில படுக்க வச்சிருக்கீங்க?"

"நான் வரிசையாத்தான்மா படுக்க வைக்கிறேன். புரண்டு புரண்டு மேற்குச் சுவத்துக்கிட்ட போயிடுதுங்க. ஒரு வாரமா இப்படித்தான்."

தச்சன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நாளைக்குத் திறக்காதீங்கக்கா."

"திறக்கலன்னா? நீங்கல்லாம் பிள்ளைய எங்க போட்டுட்டு வேலைக்குப் போவீங்க?"

தச்சன் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே போனாள். தன் மகளைத் தாண்டி, சுவரோரமாக நசுங்கிக் கிடந்த யாரோ ஒருத்தியின் பிள்ளையை முதலில் தூக்கினாள். வெளியே மரத்தடியில் கிடத்திவிட்டுத் திரும்ப வந்தாள். தச்சன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினான். ஆயா எதுவும் கேட்காமல் பாயைச் சுருட்டி வெளியே எடுத்துப் போனாள்.

உள்ளே இன்னும் ஏழு குழந்தைகள், ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டபடி, சுவரில் நெற்றி அழுந்த அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன.