விழாத பக்கம்

மெங் யாவால் விழ முடியவில்லை. வசந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து நான் அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

நான் நடன அமைப்புத் துறையில் கடைசி ஆண்டு. பட்டத்துக்கு ஆளுக்கொரு நடனம் அமைக்க வேண்டும். பதினைந்து பேர் இருக்கிறோம். ஏப்ரலில் ஆசிரியர்கள் பார்த்து எட்டு நடனங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த எட்டும் ஜூன் மாதம் பெரிய அரங்கில் ஏறும். பெற்றோர் வருவார்கள். வேலைக்கு ஆள் தேடும் நடனக் குழுக்காரர்கள் வருவார்கள். மீதி ஏழும் நான்காம் மாடிப் பயிற்சிக் கூடத்தில், திரையில்லாமல், எங்களுக்கு நாங்களே ஆடிக்காட்டிக்கொள்வது. நான்காம் மாடிக்கு எந்தக் குழுக்காரரும் ஏறி வந்ததில்லை.

எங்கள் துறைக்குச் சொந்தமாக ஆடுகிறவர்கள் கிடையாது. மற்ற துறைகளில் கெஞ்சி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து அழைத்துவர வேண்டும். மெங் யா சீனச் செவ்வியல் நடனத் துறை. என் பக்கத்து அறை. ஒத்திகைக்கு ஒரு கிண்ணம் காரச் சூப் என்று பேச்சு. தாமரைத் தண்டு அதிகம் போட்டிருக்க வேண்டும்.

என் நடனத்தில் ஒருத்தி நீள்கைச் சட்டை போட்டு ஆடுகிறாள். விரல் நுனியைத் தாண்டி மூன்று முழம் வெள்ளைப் பட்டு தொங்கும். அதை வீசுகிறாள், சுருட்டிப் பிடிக்கிறாள், மறுபடி வீசுகிறாள். எல்லாம் பழைய நடனம். நடுவில், எந்த அறிகுறியும் காட்டாமல், பார்க்கிறவருக்கு இடப்பக்கமாகச் சரிந்து விழுகிறாள். அங்கிருந்து நவீன நடனம். தரை, எடை, உருளல். அந்த ஒரு விழுதலில்தான் ஒன்று மற்றொன்றாக வேண்டும். ஆகவில்லை என்றால் அது இரண்டு நடனம்.

மார்ச் மாதம் ஒருமுறை வந்து பார்த்த லியாவ் ஆசிரியை அதைத்தான் சொன்னார்.

"ஒரே தட்டுல ரெண்டு கடைச் சாப்பாடு வச்ச மாதிரி இருக்கு தோங் லூ."

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். செவ்வியல் வகுப்பில் முதல் வாரமே ஒரு விதி சொல்லித் தருவார்கள். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் உடம்பு முதலில் வலப்பக்கம் போக வேண்டும். எழ வேண்டுமென்றால் முதலில் தாழ வேண்டும். மெங் யா பதினோரு வயதில் நடனப் பள்ளியில் சேர்ந்தவள். பதினோரு வருடம் அந்த விதி அவள் உடம்பில் இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் விழு என்றால் முதலில் வலப்பக்கம் ஓர் அங்குலம் போகிறாள். அந்த ஓர் அங்குலத்திலேயே பார்க்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

"இப்ப போகலயே."

"போனே. இந்தா, பாரு."

கைப்பேசியில் பார்த்தாள்.

"இதுவா? மூச்சு விட்டேன்டி."

"மூச்சையும் வலப்பக்கமா விட்டே."

என்னென்னவோ செய்து பார்த்தேன். கண்ணைக் கட்டினேன். நினைத்த நேரத்தில் கை தட்டி, தட்டினால் விழு என்றேன். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்து பாதிப் பதிலில் தட்டினேன். சொந்த ஊர் எது, அம்மா பெயர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டாய். "முட்டையும் தக்காளி..." என்றபோது தட்டினேன். வலப்பக்கம் போய், தக்காளியை முடித்துவிட்டு, அழகாக இடப்பக்கம் விழுந்தாள்.

வெய் ஹாங் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தான். அவன் நவீன நடனத் துறை, எங்கள் ஆண்டுதான். தரையில் உருளும் பகுதியை மெங் யாவுக்குச் சொல்லிக்கொடுக்க அழைத்திருந்தேன். அவனுக்கும் சூப்.

"நீ விழு பாக்கலாம்" என்றாள் மெங் யா.

அவன் எழுந்து வந்தான். நின்றான். விழுந்தான். அரிசி மூட்டை சரிவதுபோல் இருந்தது. முன்னால் எதுவும் இல்லை.

"எப்படிடா?"

"நான் ஒண்ணும் பண்ணல. நிக்கறத விட்டேன், அவ்வளவுதான்."

"நிக்கறத விடணும்னா முதல்ல நல்லா நிக்கணும்ல" என்று அவள் சொன்னாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவள் உடம்புக்கு அதுதான் உண்மை.

மார்ச் கடைசி வாரம் நான் வெய் ஹாங்கைத் தனியாகப் பிடித்தேன். நீள்கைச் சட்டையை அவனிடம் கொடுத்து வீசிப் பார்க்கச் சொன்னேன். இடது கைப் பட்டு கழுத்தைச் சுற்றியது. வலது கைப் பட்டு சன்னல் கொக்கியில் மாட்டியது.

"துணி காயப்போட வந்தவன் மாதிரி இருக்கேனா?"

"ஆமா."

ஆனால் விழுந்தான். கைவீச்சைக் குறைத்துவிட்டால் மூன்று வாரத்தில் ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தேர்வு ஏப்ரல் பதினேழு. மெங் யாவை நீக்கிவிட்டு அவனைப் போடுவது. அவளிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் மிச்சம். நான்கு வருடமாக ஒரே சுடுநீர்க் குடுவையைப் பங்கிட்டுக் குடிக்கிறோம்.

மார்ச் முப்பத்தொன்றோடு எங்கள் ஊர் ஷென்யாங்கில், கட்டடங்களைச் சூடாக்கும் வெப்பக்குழாய்களை அடைத்துவிடுவார்கள். வெளியே பனி கிடந்தாலும் தேதி தேதிதான். ஏப்ரல் இரண்டாம் தேதி காலை கூடத்தின் மரத்தரை பாதத்தில் ஒட்டியது. மெங் யா பஞ்சுக் கோட்டோடு வந்தாள். உள்ளே நீள்கைச் சட்டை. கோட்டுக் கைகளுக்குள்ளிருந்து பட்டு தொங்கியது.

"கழற்ற மாட்டேன். கால் சூடாகல. இன்னிக்குச் சும்மா போட்டுக் காட்டறேன்."

போட்டுக் காட்டுவது என்றால் முழுதாக ஆடாமல் அசைவுகளைத் தொட்டுத் தொட்டுப் போவது. எல்லோரும் செய்வதுதான். எனக்கும் அன்று அது போதும். முடிந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். வெய் ஹாங் சுவரோரம் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இசை ஓடியது. மெங் யா கைகளை அரைகுறையாக வீசினாள். விழும் இடம் வந்தது. வலப்பக்கம் போனாள். அந்த ஓர் அங்குலம். அங்கேயே நின்றாள். முட்டிக்கு எதற்கு வேலை என்று நினைத்திருப்பாள். ஒரு தாளம் விட்டு, நேராகி, அடுத்ததற்குப் போய்விட்டாள்.

வெய் ஹாங் சுவரிலிருந்து பாதி எழுந்து நின்றான். இரண்டு கைகளும் இடப்பக்கம் நீண்டிருந்தன.

"என்னடா?" என்றேன்.

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"இவ விழப்போறான்னு நெனச்சேன்."

"விழுந்தப்பல்லாம் சும்மாதானே உக்காந்திருந்தே."

"இப்பதான் விழலயே."

நான் இசையை நிறுத்தினேன். மறுபடி அதே இடத்திலிருந்து போட்டேன். மெங் யாவை அதேபோல் வலப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். இந்த முறை வெய் ஹாங்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேன். என் எடை இடது பாதத்துக்குப் போயிருந்தது.

ஐந்து வாரமாக அந்த ஓர் அங்குலத்தை அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

"மெங் யா, கோட்டக் கழட்டு."

"குளுருது."

"கழட்டுடி."

அன்று மதியம்வரை விடாமல் செய்து பார்த்தோம். விழுதலை எடுத்துவிட்டேன். அவள் வலப்பக்கம் போகிறாள், நிற்கிறாள். தாழ்கிறாள், எழவில்லை. கை உள்ளே மடிகிறது, திறக்கவில்லை. போக வேண்டிய பக்கத்துக்குப் பட்டு மட்டும் போகிறது. உடம்பு போவதில்லை. அந்த நிற்றலில் எடையை எங்கே வைப்பது என்பதை வெய் ஹாங் சொல்லிக்கொடுத்தான். அது அவன் பாடம். தரையில் உருளும் பகுதி தேவைப்படவில்லை. எது பழையது எது நவீனம் என்று வெட்டிக் காட்ட முடியாமல் போயிற்று.

சூப் கடையில் சொன்னேன்.

"உன்ன மாத்திடலாம்னு இருந்தேன்."

"தெரியும். இவன் போன வாரமே சொல்லிட்டான்."

வெய் ஹாங் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டான்.

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"நீயே சொல்றியா பாக்கலாம்னுதான்" என்றாள். தாமரைத் தண்டைத் தேடி எடுத்துத் தின்றாள். "சட்டைய மட்டும் துவைச்சுக் குடு. இவன் வேர்வ நாறுது."

துவைத்துக் கொடுத்தேன்.

பதினேழாம் தேதி எங்களுடையது பதினொன்றாவதாக வந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து ஆசிரியர்கள். லியாவ் ஆசிரியையோடு நால்வர் செவ்வியல் படித்தவர்கள். ஒருவர் வெளியூரிலிருந்து வந்த நவீன நடனக்காரர். நான் பக்கவாட்டில் நின்று அவர்களை மட்டும் பார்த்தேன். மெங் யா முதல்முறை வலப்பக்கம் போய் நின்றபோது நால்வரும் சற்று இடப்பக்கம் சாய்ந்தார்கள். ஒருவருடைய பேனா உருண்டது. வெளியூர்க்காரர் நேராக உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"அமைதியா இருக்கு. நல்லா இருக்கு. ஆனா எங்கயும் எதுவும் நடக்கலயே?"

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லியாவ் ஆசிரியை கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாலை பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர்கள். எட்டாவது இடத்தில், இரண்டு பேருக்குத் திங்கட்கிழமை மறுபார்வை என்றிருந்தது. அதில் ஒன்று என்னுடையது. லியாவ் ஆசிரியை படிக்கட்டில் நின்று சொன்னார்.

"எனக்குக் கழுத்துச் சுளுக்கிடுச்சு. மத்த மூணு பேருக்கும் அப்படித்தான். ஆனா ஜூன்ல உக்காரப்போறது நாங்க இல்ல. எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க. மெட்ரோ ரயில் ஓட்டறவர். என் கூட இருபது வருஷம் இருந்தும் ஒரு வகுப்புப் பாத்தது கிடையாது. அவர் உக்காந்த இடத்துல அசைவாரா?"

"மாட்டார், டீச்சர்."

"அவர அசைச்சுக் காட்டு. ரெண்டு நாள் இருக்கு."

அன்று சூப் வாங்கவில்லை. நான்காம் மாடிப் படியில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஜனங்களுக்குப் புரியற மாதிரி முன்னாடி ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடலாம்" என்றான் வெய் ஹாங்.

"உனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்றாள் மெங் யா. "நீ செவ்வியல் இல்லயே. உனக்கு மட்டும் எப்படிக் கை நீண்டுச்சு?"

"ஒரு மாசமா பாத்துட்டிருந்தேன்ல. நீ வலப்பக்கம் போவே, அப்புறம் இடப்பக்கம் விழுவே. தினம் முப்பது தடவ. பழகிடுச்சு."

மெங் யா என்னைப் பார்த்தாள்.

"அப்ப முதல்ல முழுசா போயிடலாம்" என்றேன்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் சேர்த்தேன். அவள் வலப்பக்கம் போய் இடப்பக்கம் போகிறாள். முழுமையாக, வகுப்பில் சொல்லித்தந்தபடி. பட்டும் கூடவே போகிறது. மறுபடி. மறுபடி. ஆறுமுறை. வேகமில்லை, அலங்காரமில்லை. ஏழாவது முறை வலப்பக்கம் போய் நிற்கிறாள். ஆறு போதுமா எட்டு வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை முழுதும் சண்டை. எட்டு என்றால் தூங்கிவிடுவார்கள் என்றாள் மெங் யா. எத்தனைமுறை என்பதை ஆடுகிறவள் உடம்பிடமே விட்டுவிடலாம் என்றான் வெய் ஹாங். நவீனத் துறையில் அப்படித்தான் பேசுவார்கள். நான் ஆறு என்று எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை லியாவ் ஆசிரியை நிஜமாகவே கணவரை அழைத்து வந்தார். பருமனான மனிதர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். வழியில் வாங்கிய வெங்காயத்தாள் கட்டு மடியில் இருந்தது. இங்கத்திய வெங்காயத்தாள், கை நீளம். எங்கே உட்காருவது என்று மனைவியைக் கேட்டார். மேசைக்குப் பின்னால் இடமில்லை. சுவரோரம் ஒரு முக்காலி போட்டேன்.

"எவ்வளவு நேரம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏழு நிமிஷம், ஐயா."

"பரவால்ல" என்றார்.

மெங் யா முதல்முறை வலப்பக்கம் போய் இடப்பக்கம் போனாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். மூன்றாவதில் அவளைப் பார்க்கத் தொடங்கினார், வேறு பார்க்க எதுவும் இல்லாததால். நான்கு. ஐந்தில் அவருடைய முகம் அவளோடு போய்த் திரும்பியது. ஆறு.

ஏழாவது முறை மெங் யா வலப்பக்கம் போனாள். நின்றாள். பட்டு மட்டும் இடப்பக்கம் பறந்து இறங்கியது.

அவர் மடியிலிருந்து வெங்காயத்தாள் சரிந்து தரையில் பரவியது. இடப்பக்கம். அவர் குனிந்து எடுக்கவில்லை.

லியாவ் ஆசிரியை அவரைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதிவிட்டு மறுபடி மெங் யாவைப் பார்த்தார்.